சிந்திய திராவகமும் செய்ய வேண்டிய காரியமும்

கமக்காரப் பெருமக்களே,

பயிரைப் பீடிக்கும் நோய்களைப் பற்றியும் பூச்சிகளைப் பற்றியும் பலமுறை உங்களுடன் பேசியிருக்கின்றோம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. பயிரிடுவோருடைய கண்ணையும் கையையும், அவர்தம் கிணற்றையும் மண்ணையும் ஒரு கணப்பொழுதிற் கெடுத்துவிடக்கூடிய ஒரு திரவத்தைப் பற்றியது அது. கந்தகத் திராவகம் என்று நம் முன்னோரும், சல்பூரிக்கமிலம் என்று பாடநூல்களும், அசிட் என்று கடைத்தெருவிலுள்ளோரும் கூறுவது அதனையே.

“எமது வயலுக்கும் திராவகத்துக்கும் என்ன தொடர்பு?” என்று நீங்கள் வினவலாம். உழவு இயந்திரத்தின் பற்றரியில் உள்ளது அத்திராவகமே. யானையைத் தடுக்கும் மின்வேலிக்கு வலுவூட்டும் பற்றரியிலும் பெரும்பாலும் அதுவே உண்டு. பற்றரி திருத்தும் கடைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் கொள்கலன்களில் ஏற்றிச் செல்லப்படும்போது, அது நம் வயலோரத் தெருக்கள் வழியாகவும் செல்லக்கூடும். லொறி ஒன்று வாய்க்காலருகே குடைசாய்ந்தால் அங்கு முதலில் ஓடிச் செல்பவர் அரசாங்க உத்தியோகத்தர் அல்லர்; பக்கத்து வயலில் நிற்கும் நீங்களே. ஆகவே செய்யத்தக்கது எது, தகாதது எது என்பதை முன்கூட்டியே அறிந்திருத்தல் அவசியமாகும்.

முதற்கண் இதன் இயல்பை அறிதல் வேண்டும். செறிந்த கந்தகத் திராவகம் எண்ணெய் போன்று தடித்தது. நீரைக் காட்டிலும் ஏறக்குறைய 1.84 மடங்கு பாரமானது. நீருடன் சேருமிடத்துப் பெருவெப்பத்தை வெளிவிடும். அவ்வெப்பம் நீரைக் கொதிக்கச் செய்யப் போதுமானது. திராவகத்தின் மீது சிறிதளவு நீரை ஊற்றினால், பாரங் குறைந்த அந்நீர் மேலே நின்று அங்கேயே கொதித்துத் திராவகத்தையும் வாரி இறைக்கும். எதிரே நிற்பவரின் முகமும் கண்ணும் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இக்காரணம் பற்றியே, கலக்க நேரின் திராவகத்தை நீரிற் சிறிது சிறிதாக விடவேண்டுமேயன்றி நீரைத் திராவகத்தில் ஒருபோதும் விடலாகாது என்று விதித்துள்ளனர். பற்றரியில் உள்ளது நீர் கலந்த திராவகம்; நன்கு மின்னேற்றப்பட்ட பற்றரியில் அதன் நிறையில் நூற்றுக்கு 37 பங்கு அளவில் அமிலம் இருக்கும். அது செறிந்த திராவகத்தைப் போன்று கொதித்துத் தெறிக்காதெனினும் கண்ணைக் கெடுக்கவும் துணியை அரிக்கவும் வல்லது.

இப்பொழுது சிலருக்கு ஓர் ஐயம் எழலாம். “திராவகத்தில் நீர் படலாகாது என்கின்றீர், அப்படியாயின் மேலிற் பட்ட திராவகத்தை எதனாற் கழுவுவது?” என்பதே அது. இவ்வையத்தைத் தெளிவுபெறத் தீர்த்துக்கொள்ளல் வேண்டும்; ஏனெனில் இதில் ஏற்படும் தயக்கமே பலரின் பார்வையைப் பறிக்கக்கூடியது. விடை இதுதான்: நிலத்தில் தேங்கிய திராவகத்திற்கு நீர் ஆகாது, உடலிற் பட்ட திராவகத்திற்கு நீரே மருந்து. உடலிற் படுவது சிறிதளவே. அதன்மேல் ஓடும் நீரை ஏராளமாக விடும்போது, எழும் வெப்பத்தையும் திராவகத்தையும் அந்நீரே அடித்துக்கொண்டு போய்விடும். தீங்கு செய்வது குறைந்த நீரே. ஆதலால் ஈரத்துணியால் துடைத்தலும், ஒரு குவளை நீரை மட்டும் ஊற்றி நிறுத்தலும் கூடாது.

உடலிற் பட்டவுடன் நீரிறைக்கும் இயந்திரத்தின் குழாயோ, கிணற்று வாளியோ, வாய்க்காலோ எது அருகில் உளதோ அதனை நாடுக. நீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே திராவகம் பட்ட உடையையும் செருப்பையும் அகற்றுக. மேற்சட்டையைத் தலைவழியாகக் கழற்றாது வெட்டி நீக்குக. இல்லையேல் முகத்திலும் பட்டுவிடும். குறைந்தது 20 நிமிடம் கழுவுதல் வேண்டும். கண்ணிற் பட்டால் இமைகளை விரல்களாற் பிரித்துப் பிடித்து, நல்ல கண்ணிற்கு நீர் வழிந்தோடாதவாறு தலையைச் சரித்து, சுத்தமான நீரை மெல்லென விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எரிவு குறைந்துவிட்டதென எண்ணி இடையில் நிறுத்தலாகாது. காயத்தின்மீது தேங்காயெண்ணெய், பற்பசை, சுண்ணாம்பு, அப்பச்சோடா ஆகிய எதனையும் பூசவேண்டாம். எவரேனும் தவறுதலாகக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யலாகாது. இறங்கும்போது சுட்ட திராவகம் ஏறும்போதும் சுடும். வாயைக் கொப்பளிக்கச் செய்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. இலவச நோயாளர் காவு வண்டியை 1990 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம்.

இனி, நிலத்திற் சிந்திய திராவகத்திற்கு வருவோம். சிந்தியது ஒரு பீப்பாய் அளவினதாயினும் லொறியளவினதாயினும் அதனைத் துப்புரவு செய்தல் உங்கள் கடமையன்று. அயலாரையும் பிள்ளைகளையும் மாடுகளையும் எப்புறத்திலும் 50 மீற்றருக்கு அப்பால் அகற்றுக. ஆவி உங்கள் மீது வாராதவாறு காற்று எப்பக்கமிருந்து வீசுகிறதோ அப்பக்கத்தில், மேட்டு நிலத்தில் நிற்க. பொலிசுக்கு 119, தீயணைப்புப் படைக்கு 110, அனர்த்த முகாமைத்துவ நிலையத்திற்கு 117 என்னும் இலக்கங்களில் அறிவிக்க. வண்டியின் பலகையில் எண் பொறிக்கப்பட்டிருந்தால் தூரத்தில் நின்று அதனை வாசித்துக் கூறுக. 1830 என்பது செறிந்த கந்தகத் திராவகத்தையும், 2796 என்பது பற்றரித் திராவகம் போன்ற நீர் கலந்த வகையையும் குறிக்கும். அவ்வெண்ணைக் கேட்டமாத்திரத்தில் வருவோர் தக்க ஆயத்தத்துடன் வருவர்.

உதவி வந்து சேரும்வரை நீங்கள் செய்யக்கூடிய பேருதவி ஒன்று உண்டு. திராவகம் ஓடிவரும் திசையில், அதற்கு வெகு முன்பாகவே, வாய்க்காலின் மதகை அடைத்துவிடுக. வயலின் வக்கடைகளையும் மண்ணிட்டு மூடுக. ஒரு வயலுக்குள் அடங்கிய தீங்கை அவ்வயலோடு நிறுத்தலாம். வாய்க்காலிற் கலந்துவிட்டாலோ மீன்கள் மடிவதுடன் கீழ்நிலக் கமக்காரர் அனைவரும் துன்புறுவர். மழை வருமாயின் திராவகம் பெருகிப் பரவும் என்பதையும் வருவோருக்கு நினைவூட்டுக.

வீட்டில் அல்லது இயந்திரக் கொட்டகையில் ஒரு போத்தலளவு சிந்தினால் அதனை நீங்களே அடக்கலாம். றப்பர்க் கையுறையும் றப்பர்ச் சப்பாத்தும் கண்மூடியும் அணிந்துகொள்க. காற்றோட்டம் உண்டாகக் கதவுகளைத் திறந்துவிடுக. விளக்கு, பீடி, சுருட்டு யாவற்றையும் அகற்றுக. நீர் சேர்ந்த திராவகம் இரும்பையும் நாகத்தகட்டையும் அரிக்கும்போது தீப்பற்றக்கூடிய ஐதரசன் வாயு எழும். பின்பு உலர்ந்த மணலால் சுற்றிலும் வரம்பு கட்டி, மேலேயும் மணலைத் தூவுக. உமி, வைக்கோல், மரத்தூள், தும்பு, சாக்கு ஆகியவற்றைப் போடவே கூடாது. கைக்கெட்டியது அதுவே என்று பலர் அவற்றைப் போட முற்படுவர். செறிந்த திராவகம் அவற்றைக் கருக்கிச் சூடேற்றும். புகையெழுந்து தீயும் மூளலாம்.

மணல் திராவகத்தை உறிஞ்சிய பின்னர், பயிருக்கு இடும் சுண்ணாம்புக்கல் தூளை அல்லது டொலமைற்றுத் தூளை ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சிறிது சிறிதாகத் தூவுக. நுரைத்துப் பொங்கும், விலகி நின்று, நுரை அடங்கிய பின் கிளறி, மீண்டும் தூவுக. கிளறாதுவிட்டால் தூளின் மேற்புறத்தே கல்சியஞ் சல்பேற்றுப் படிந்து உள்ளிருக்கும் தூள் வேலை செய்யாது போகும். செறிந்த திராவகம் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 2 கிலோவும், பற்றரித் திராவகம் ஒரு லீற்றருக்கு அரைக் கிலோவிற்குச் சற்று மேலும் தூள் வேண்டும். புதிதாகச் சுட்ட நீறாத சுண்ணாம்பை இடலாகாது. அது தானே பெருவெப்பத்தைக் கக்குவது. தூவியும் நுரை எழாத நிலை வந்ததும் மணலைப் பிளாஸ்ரிக் வாளியில் அள்ளி, வாயு வெளியேறுமாறு மூடியை இறுக்காது வைத்து, அப்புறப்படுத்தும் முறையைப் பிரதேச சபையிடம் கேட்டறிக.

பழைய பற்றரியைப் பற்றித் தனியே எச்சரித்தல் வேண்டும். அதிலுள்ள திராவகத்தில் ஈயம் கலந்திருக்கும். சுண்ணாம்பு அமிலத்தை மாத்திரம் அடக்குமேயன்றி ஈயத்தை அகற்றமாட்டாது. ஈயம் மண்ணில் நெடுங்காலம் தங்கிக் கீரையிலும் கிழங்கிலும் ஒட்டியும் ஊறியும் நம் குழந்தைகளின் உடலைச் சேரும். அவர்தம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். எனவே பழைய பற்றரியைத் தோட்டத்தில் கவிழ்த்து வெறுமையாக்குதலும் உடைத்தலும் பெருந்தீங்கு. அதனைத் திராவகத்துடனேயே நிமிர்த்தி வைத்து, பற்றரி வாங்கும் வியாபாரியிடம் ஒப்படைத்தலே முறை. அவ்வாறு சிந்திய இடத்து மண்ணை அகழ்ந்தெடுத்து, பரிசோதனை முடியும்வரை அங்கே மரக்கறி பயிரிடாது விடுக.

திராவகம் பாய்ந்த வயலில் மண்ணின் பி.எச். பெறுமானம் தாழ்ந்துவிடும். அது 5 இற்குக் கீழ் இறங்கினால் அலுமினியம் கரைந்து வேர்களைக் கருக்கும். எவ்வளவு சுண்ணாம்பு இடுவதென்பதை மண்ணைப் பரிசோதித்தே நிச்சயிக்க வேண்டும். உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரை அணுகுக. யாழ்ப்பாணக் குடாநாட்டில் உள்ளோர் மேலும் அவதானமாயிருத்தல் வேண்டும். அங்கே நிலத்தின் கீழ் உள்ளது வெடிப்புகள் நிறைந்த சுண்ணக்கல். மேலே சிந்தியது விரைவிற் கீழிறங்கி அயற்கிணறுகளையும் சேரலாம். கிணற்றில் திராவகம் வீழ்ந்ததென ஐயமுற்றால், அந்நீரைக் குடியாதும் பயிருக்கு இறையாதும் நிறுத்தி, பரிசோதனைக்கு ஒழுங்கு செய்க.

சிறு கசிவுதானே என்று விடுதலின் விளைவை இந்நாடு கண்டிருக்கின்றது. 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில், 25 தொன் நைத்திரிக்கமிலத்துடன் கொழும்புக்கு வந்த எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்னுங் கப்பலில் ஒரு கொள்கலன் முன்னரே கசிந்துகொண்டிருந்தது. கப்பல் கொழும்புக்கு அப்பால் நின்றபோது தீப்பற்றி எரிந்து, யூன் மாதத்தில் மூழ்கியது. தொழிலிழந்து நின்றவர்கள் அக்கரையோரத்து மீனவர்களே.

ஆதலின் வருமுன் காத்தலே சிறந்தது. திராவகத்தைச் சோடாப் போத்தலிலோ சாராயப் போத்தலிலோ ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு வரும் பிள்ளைக்கு அது நீராகவே தோன்றும். பெயர் எழுதிய அதற்குரிய பாத்திரத்தில், பிள்ளைகளுக்கு எட்டாது, பசளைக்கும் வைக்கோலுக்கும் தூரத்தே வைத்துப் பூட்டுக. பற்றரியில் நீர் வற்றினால் வடித்த நீரை விடுவதல்லாது திராவகத்தை விடாதீர்கள். உலர்ந்த மணல் ஒரு பெட்டியும் சுண்ணாம்புக்கல் தூள் ஒரு பையும் கொட்டகையில் எப்பொழுதும் இருக்கட்டும். தண்ணீர்க் குழாய் எங்கே உள்ளதென்பதை வீட்டிலுள்ள சிறுவரும் அறிந்திருக்கட்டும்.

நிலத்திற் கிடப்பதற்கு மணல், உடலிற் பட்டதற்கு ஓடும் நீர். இவ்விரண்டையும் மாற்றிச் செய்யாதிருக்குமாறு உங்கள் இல்லத்தாருக்கும் அயற்கமக்காரருக்கும் இன்றே எடுத்துரைப்பீர்களாக.