வரம்பு யாருக்குக் காவல்?

நேயர்களே, ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்துவிட்டால் பணக்காரக் குழு, ஏழைக் குழு என்ற பேதம் போய்விடும் என்று இங்கே பேசினார்கள். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தில் 1984 முதல் அந்த வரம்பு இருக்கிறது. ஓக்லஹோமா சிட்டியில் நடந்ததைப் பாருங்கள்.

டுரான்ட், வெஸ்ட்புரூக், ஹார்டன் மூவரையும் இளம் வயதிலேயே எடுத்து வளர்த்த குழு அது. 2012-இல் இறுதிச் சுற்றுவரை போனது. மூவரில் ஒருவருக்கும் 24 வயதுகூட ஆகவில்லை!

அடுத்த பருவத்தின் வரம்பு 58 மில்லியன் டாலர். சொந்த ஆட்டக்காரரைத் தக்கவைக்க அதை மீறலாம். விதியே இடம் கொடுக்கிறது. ஆனால், 70 மில்லியனைத் தாண்டினால் வரி. அந்த வரியும் 2013-இலிருந்து கடுமையாகவிருந்தது. பெரிய நகரத்துக் குழு முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடும். சிறிய ஊர் என்ன செய்யும்?

ஹார்டனுக்குக் குழு தர முன்வந்த தொகைக்கும் உச்சத் தொகைக்கும் உள்ள வித்தியாசம், நான்கு ஆண்டுக்கும் சேர்த்தே சில மில்லியன்தான். பேச்சு முறிந்தது. அக்டோபரில் அவரை ஹியூஸ்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஐந்தாண்டுக்கு 80 மில்லியன். 2018-இல் என்பிஏவின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே.

ஓக்லஹோமா சிட்டி கிண்ணம் வென்றது 2025-இல். அந்த மூவரில் ஒருவர்கூட அப்போது அங்கில்லை.