தூரமும் நேரமும்



சென்னைக்கும் மதுரைக்கும் இடையே எவ்வளவு தூரம்? இக்கேள்விக்கு விடை ஒன்றன்று, மூன்று. இருப்புப்பாதை வழியே ஏறக்குறைய 490 கிலோமீட்டர். நெடுஞ்சாலை வழியே ஏறக்குறைய 460. இரு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்கோடு இழுத்து அளந்தால் ஏறக்குறைய 417. ரயில்வண்டி விழுப்புரம், திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். வானவழிக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

பல்லாண்டுகளுக்கு முன் வகுப்பில் ஒரு கணக்குக் கொடுத்தேன். “தூரம் 420 கிலோமீட்டர், விமானத்தின் வேகம் மணிக்கு 840 கிலோமீட்டர், ஆகும் நேரம் என்ன?” எல்லோரும் அரை மணி என்று எழுதினர். ஒரு மாணவி மட்டும், “அரை மணி, ஆனால் ஏறவும் இறங்கவும் ஆகும் நேரம் சொல்லப்படவில்லை” என்று எழுதியிருந்தாள். பின்வாக்கியத்தைச் சிவப்பு மையால் அடித்து, ஒரு மதிப்பெண்ணையும் குறைத்தேன்.

ஓய்வு பெற்றபின் சென்னையிலிருந்து மதுரைக்கு முதன்முறையாக விமானத்தில் சென்றேன். அது நகரத் தொடங்கியது முதல் மதுரையில் வந்து நின்றது வரை கைக்கடிகாரத்தில் எழுபது நிமிடம் ஆயிற்று. அரை மணி எங்கே, எழுபது நிமிடம் எங்கே?

காரணம் இதுதான். விமானம் முதலில் ஓடுபாதையின் முனைவரை மெல்ல ஊர்ந்து செல்ல வேண்டும். பெரும்பாலும் காற்றை எதிர்த்தே மேலெழும். போகவேண்டிய திசை வேறாயின் எழுந்தபின் திரும்ப வேண்டும். உயரே ஏறும்போது முழு வேகம் கிடையாது. இறங்குவதோ சுமார் மூன்று பாகைச் சரிவில். ஏழு கிலோமீட்டர் உயரத்திலிருந்து அச்சரிவில் இறங்க 130 கிலோமீட்டருக்கு மேல் வேண்டும் என்பதை முக்கோணவியல் பயின்றோர் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் போக, முழு வேகத்தில் பறப்பதற்கு எஞ்சும் தூரம் குறைவே. ஆகவே தூரம் குறையக் குறைய, சராசரி வேகமும் குறைகிறது.

இன்னொன்றும் உண்டு. வீட்டிலிருந்து விமான நிலையம் சேர்வது, சோதனைக்குக் காத்திருப்பது, பெட்டியைப் பெறுவது, ஊருக்குள் செல்வது ஆகியவற்றையும் சேர்த்தால், வாசலுக்கு வாசல் எனக்கு நாலரை மணி ஆயிற்று. அந்த 417 கிலோமீட்டருக்குச் சராசரி வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டர்கூட இல்லை! வைகை விரைவு வண்டியில் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகையால் விமானத்தால் நேரம் மிச்சமாவது மெய்; ஆனால் என் கணக்கு சொன்ன அளவுக்கு அன்று.

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் என்னும் சூத்திரம் பொய்யன்று. எந்தத் தூரம், எந்த வேகம், எங்கே தொடங்கி எங்கே முடியும் நேரம் என்று முதலில் கேட்க வேண்டும். அம்மாணவி கேட்டாள், ஆசிரியனாகிய நான் கேட்கவில்லை. அந்த ஒரு மதிப்பெண் இன்னும் என் கடனாகவே இருக்கிறது. உங்கள் விடைத்தாளிலும் அத்தகைய ஐயம் எழுமாயின், அஞ்சாமல் எழுதுங்கள்.