மூச்சும் சங்கமும்
(திண்டுக்கல்லில் நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



பிராணாயாமத்தின் பயனைக் குறித்துப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். தமிழாசிரியர்க்கு வைத்தியத்தில் என்ன வேலை என்பாரும் உளர். திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரமே அவர்க்கு விடையாகும். திருமூலர் பூரகத்துக்கு 16, கும்பகத்துக்கு 64, இரேசகத்துக்கு 32 என மாத்திரை வகுத்தார். இழுப்பதினும் இருமடங்கு காலம் வெளிவிடல் வேண்டுமென்பது இதனாற் போதரும். மெல்ல வெளிவிடும் மூச்சு, வேகஸ் என்னும் நரம்பின் வழியே இருதயத் துடிப்பைத் தணிக்கும் என இக்காலத்து ஆராய்ச்சியாளரும் கூறுகின்றனர். 64 மாத்திரை அடக்குதலோ புதியோர்க்கு உரியதன்று. இரத்தக் கொதிப்புடையார் அதன் பக்கம் போகாதிருத்தலே நன்று.

2001ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் சிலர், ஒரு குழுவினரை இலத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்லச் செய்தும், யோக மந்திரம் ஓதச் செய்தும் சோதித்தனர். நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை ஓடும் மூச்சு, ஈரிடத்தும் 6 அளவில் வந்து நின்றது. மூச்சுப் பயிற்சி எம் மதத்துக்கே உரியதென்று வழக்கிடுவார் இதனை நோக்குக.

இனி, யாம் சொல்ல வந்ததற்கு வருவோம். நம்மவருட் பலர் திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் உழைப்பவர். பஞ்சுத்தூசியால் வரும் பிசினோசிஸ் என்னும் மார்புநோய்க்கு ஒரு குணமுண்டு. வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும். பின்னாட்களிற் சற்றுத் தளரும். தளர்வதைக் கண்டு, சளியென்று கஷாயம் குடித்தே ஆண்டுகளைப் போக்கிவிடுவர். முற்றிய பின் நுரையீரல் பழைய நிலைக்கு மீளாது. இத்தகைய சகோதரரிடம், பிராணாயாமம் செய்க, யாவும் சரியாம் என்று மட்டும் சொல்லிவிடலாமா? தூசி நிறைந்த கூடத்தில் ஆழ்ந்து மூச்சிழுக்கச் சொல்லுதல், தூசியை ஆழ்ந்து உண்ணச் சொல்லுதலேயாம். ஆலையிலிருந்து தூசியை வெளியேற்ற வழிசெய்தல் முதலாளியின் கடனென 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. தனியொருவர் சென்று இதைக் கேட்டால் வேலை போம். சங்கம் கேட்டால் செவி சாய்ப்பர்.

அமெரிக்காவில் வாழும் ஆபிரிக்க வழியினரை ஈண்டு நினைக்கின்றோம். மூச்சு என்பது அவர்க்கு வெறும் தேகாப்பியாசச் சொல்லன்று. 2014இல் நியூயார்க்கில் எரிக் கார்னரும், 2020இல் மினியாபொலிஸில் ஜார்ஜ் பிளாய்டும், மூச்சுவிட இயலவில்லை என்று காவலர் பிடியில் அரற்றியே உயிர்நீத்தனர். இம்மக்களிடையே 1966இல் தோன்றிய குவான்சா விழாவின் ஏழு கொள்கைகளுள் மூன்றாவது 'ஊஜிமா'. இது சுவாகிலிச் சொல். உடன்பிறந்தார் இடரைத் தம் இடராகக் கொண்டு, கூடி உழைத்துத் தீர்த்தல் என்பது அதன் கருத்து. நம் சங்க விதிகளிலும் இதனை ஒத்த வாசகம் உண்டு, படிப்பார்தாம் இலர்.

நம் கட்டடமோ கலியாண நாள்களிலன்றிப் பூட்டியே கிடக்கின்றது. சாவி யாரிடம் இருப்பது என்பதில் மூன்று கூட்டங்களைக் கழித்தோம்! அதனை நாடோறும் காலை 5 மணிக்குத் திறந்து பயிற்சி நடத்தலாம். இரவு வேலைக்காரர்க்கும் பெண்மக்களுக்கும் மாலையில் வேறு நேரம் வைக்கலாம். அண்டைத் தெருவார் எக்குலத்தாராயினும் வரட்டும். மாதம் ஒருமுறை மருத்துவரை அழைத்து ஆலைத் தொழிலாளர்க்கு மார்புச் சோதனை நடத்துவோம். நோயுள்ளவரென அறிந்தவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல, உறுப்பினர் இருவர் துணை போதல் வேண்டும். தூசி நீக்கும் கருவி வேண்டி ஆலையதிபர்களுக்கு எழுதிய விண்ணப்பம் இதோ மேசைமேல் உள்ளது. கையெழுத்திட விரும்புவோர் முன்வருக. செயலாளர் அவர்கள் சாவியை இன்றே சபையில் வைத்தருளுக.