விட்டுப்போன தலைகள்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அமெரிக்கக் கறுப்பின மக்களைச் சென்சஸில் முழுமையாகச் சேர்ப்பது பற்றி இந்த மேடையில் என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். அந்நாட்டில் குடியிருக்கும் நம் சங்க உறுப்பினர்கள் கையை உயர்த்தினாலே காரணம் தெரிந்துவிடும். தவிர, இது அளவையில் வரும் பிழையைப் பற்றியது. நமக்குப் பழகின சப்ஜெக்ட்தான்.

வெர்னியரில் 'ஜீரோ எரர்' பார்க்காமல் ரீடிங் எடுத்தால் ரெக்கார்டு நோட்டு திரும்பி வந்துவிடும், ஞாபகம் இருக்கிறதா? ரீடிங் ஒரு தடவை கூடி, ஒரு தடவை குறைந்தால் சராசரியில் சரியாகும். எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் கோளாறு கருவியில். 2020 கணக்கெடுப்பை அமெரிக்க சென்சஸ் துறையே தனி மாதிரி ஆய்வு நடத்திச் சரிபார்த்து, 2022 மார்ச்சில் முடிவை வெளியிட்டது. கறுப்பின மக்கள் 3.30 சதவீதம் குறைவாக எண்ணப்பட்டிருந்தார்கள். ஹிஸ்பானியர் அல்லாத வெள்ளையர் 1.64 சதவீதம் கூடுதல். ஆசியர், அதாவது நம்மவர்களும் அடங்கிய கூட்டம், 2.62 சதவீதம் கூடுதல்! கறுப்பினத்தவரின் குறைவு 2010இல் 2.06 ஆக இருந்தது, பத்தாண்டில் ஏறியிருக்கிறது.

இந்தச் சாய்வுக்கு வயது அதிகம். 1787இல் எழுதிய அரசியல் சட்டம், பிரதிநிதிகள் சபை இடங்களைப் பங்கிடும்போது அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிடச் சொன்னது. 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உரிமையாளர் பெயர் இருக்கும். அடிமைக்கு வயது, பால், நிறம் மட்டுந்தான். விடுதலைக்குப் பின் 1870இல்தான் அவர்களும் மற்றவர்களைப் போலப் பெயரோடு பதிவானார்கள்.

1940இல் நடந்ததுதான் வேடிக்கை. ஏப்ரலில் சென்சஸ். அக்டோபரில் ராணுவத்துக்கு ஆள் சேர்க்கப் பதிவு. சென்சஸை வைத்து எதிர்பார்த்ததைவிடச் சுமார் 13 சதவீதம் அதிகமான கறுப்பின இளைஞர்கள் பதிவில் வந்து நின்றார்கள். மொத்தத்தில் அந்த வித்தியாசம் ஏறக்குறைய 3 சதவீதம். துப்பாக்கி தூக்க இருந்த ஆள், தலை எண்ணும்போது இல்லாமல் போயிருக்கிறான்!

ஏன் விட்டுப்போகிறது? அடிக்கடி மாறும் வாடகை வீடு, ஒரே வீட்டில் இரண்டு குடும்பம், பாட்டியிடம் வளரும் கைக்குழந்தையை யார் எழுதுவது என்ற குழப்பம். எல்லாவற்றுக்கும் மேல் பயம். வீட்டுக்காரருக்கோ போலீசுக்கோ விவரம் போய்விடுமோ என்கிற பயம். சட்டப்படி தனிநபர் விவரங்கள் 72 ஆண்டு வெளியே வராது. ரகசியத்தை உடைக்கும் ஊழியருக்கு 5 ஆண்டு வரை சிறை. ஆனால் 1942இல் போர்க்காலச் சட்டம் ஒன்று இந்தப் பாதுகாப்பைத் தளர்த்த, ஜப்பானிய வம்சாவளியினரைப் பற்றிய தகவல் மற்ற துறைகளுக்குப் போனதும் உண்மை. அதை மறைத்துவிட்டு 'பயப்படாதீங்க' என்றால் யார் நம்புவார்கள்? இரண்டையும் சொல்ல வேண்டும். அதையும் தெருவில் தெரிந்த முகம் சொன்னால்தான் எடுபடும். பாதிரியார் சொல்லலாம், முடிதிருத்தும் கடைக்காரர் சொல்லலாம். தேசிய நகர்ப்புற லீக் என்ற அமைப்பு 1970லேயே இந்தப் பிரச்சாரத்தில் இறங்கியது.

எண்ணாமல் விட்டால் நஷ்டம் பத்து வருஷம் நிற்கும். 435 இடங்களின் பங்கீடு, தொகுதி எல்லை, பள்ளி, மருத்துவ வசதி, சாலை நிதி எல்லாம் இந்த எண்ணை வைத்துத்தான். 2020இல் நியூயார்க் மாநிலம் ஓர் இடத்தை இழந்தது; இன்னும் 89 பேர் எண்ணப்பட்டிருந்தால் அது தங்கியிருக்கும். 89 பேர் என்றால் ஒரு அபார்ட்மெண்ட் கட்டிடம், சார்!

அடுத்த கணக்கெடுப்பு நாள் 2030 ஏப்ரல் 1. அங்கே மேற்படிப்புக்குப் போகும் தம்பிகளும் கணக்கில் உண்டு. விசாவில் இருப்பவரும் அங்கு வசிப்பவரே. நம் வீட்டுப் படிவத்தை நிரப்புவதில் நாம் கெட்டிக்காரர்கள், 2.62 அதற்குச் சாட்சி. இந்த முறை கம்ப்யூட்டர் இல்லாத பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். அவர் பேத்தியின் பெயர் ஏறியிருக்கிறதா என்று மறக்காமல் கேளுங்கள். உள்ளூர் கணக்கெடுப்புக் குழுக்களுக்குத் தன்னார்வலர் தேவைப்படும். விருப்பமுள்ளவர்கள் தேநீர் இடைவேளையில் என்னைப் பாருங்கள்.