எடை மெஷின் சொல்லும் சேதி



மேடையிலிருந்து பார்க்கிறேன். எங்கள் செட்டில் முக்கால்வாசிப் பேருக்குத் தொப்பை முன்னால் வருகிறது, ஆள் பின்னால் வருகிறார்! என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதனால் இன்று வீட்டில் கட்டிலுக்கடியில் கிடக்கும் எடை மெஷினைப் பற்றிப் பேசலாமென்று வந்திருக்கிறேன்.

டிஜிட்டல் மெஷினின் கால்களில் லோடு செல் இருக்கிறது. நாம் ஏறி நின்றதும் உள்ளிருக்கும் உலோகம் மயிரிழை வளையும். அதில் ஒட்டிய ஸ்ட்ரெயின் கேஜின் மின்தடை மாறும். அதை அளப்பது, லேபில் நம்மைப் பாடாய்ப்படுத்திய அதே வீட்ஸ்டன் பிரிட்ஜ்தான்!

72.3 என்று புள்ளி வைத்துக் காட்டுவதாலேயே அது சரியான எடை ஆகிவிடாது. எப்போதும் அரைக் கிலோ கூட்டிக் காட்டினாலும் பாதகமில்லை. ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பது தெரிந்துவிடும். நேரத்துக்கொன்று காட்டினால்தான் வம்பு. சில மெஷின்கள் முந்தைய எடையை ஞாபகம் வைத்து அதையே திருப்பிக் காட்டும். ஆகவே நடுவில் ஒருமுறை 5 லிட்டர் தண்ணீர் கேனோடு ஏறிப் பாருங்கள். 5 கிலோவுக்குச் சற்று மேல் கூட வேண்டும். கேனை வைத்துவிட்டு ஏறினால் பழைய எடை வரணும். பாய், கார்ப்பெட் மேல் வைக்காதீர்கள். கெட்டியான சமதரைதான் சரி.

தினமும் காலைக்கடன் முடித்து, காபிக்கு முன்னால் எடை பாருங்கள். ஒரு கிலோ இப்படி அப்படி ஆடுவது சகஜம். குடிக்கும் ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ. ஊறுகாய், அப்பளத்தின் உப்பும் உடம்பில் நீரைப் பிடித்து வைக்கும். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். ஒரே விருந்தில் அது நடக்காது. எனவே ஏழு நாள் சராசரியை எழுதி, வாரத்துக்கு வாரம் ஒப்பிடுங்கள். நான் அப்படித்தான் இரவுச் சாப்பாட்டைக் குறைத்து, நடந்து, ஆறு மாதத்தில் 79லிருந்து 74க்கு வந்தேன்.

ஆனால் இதய நோயாளிகளுக்கு இந்தச் சராசரிக் கணக்கு ஆகாது. என் அப்பாவுக்கு இதயம் பலவீனம். டாக்டர் சொன்னபடி தினமும் எடை பார்த்துக் காலண்டரில் குறித்து வைப்பார். 2019இல் ஒருமுறை மூன்றே நாளில் 2 கிலோ ஏறியது. சாப்பாடு அதேதான், காலில் மட்டும் லேசாக வீக்கம். அன்றைக்கே கூட்டிக்கொண்டு போனோம். உடம்பில் நீர் கோத்திருக்கிறது என்று டாக்டர் மருந்தின் அளவை மாற்றினார். "மூச்சுத்திணறல் வருகிறவரை காத்திருக்காமல் வந்தீர்களே, நல்லது" என்றார். காலண்டரில் எழுதியிருந்த மூன்று எண்கள்தான் எங்களைக் கிளப்பின.

தம்பி தங்கைகளே, இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 23ஐத் தாண்டினாலே அதிக எடை என்கிறார்கள் மருத்துவர்கள். 170 செ.மீ. உயரமென்றால் சுமார் 66 கிலோ. இப்போதே பார்க்கத் தொடங்குங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் மேலே ஏற்றுங்கள்.

பந்தியில் பாயசம் காத்திருக்கிறது. நண்பர்களே, திருப்தியாகச் சாப்பிடுங்கள். நாளைக் காலை மெஷின் ஒரு கிலோ கூட்டிக் காட்டினால் பயப்படாதீர்கள், ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள்.