மனசுக்கு எந்தத் தெரு?

(மாணவர்கள் கூடிய அரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடைப் பேச்சு வராது. என் வீட்டில் நடந்ததைச் சொல்லச் சொன்னாங்க, சொல்றேன். தம்பியிடம் கேட்டுட்டுத்தான் வந்தேன். ‘சொல்லுக்கா, பேரை மட்டும் விட்டுரு’ன்னான்.

2019 மார்ச் மாதம். தம்பி பொறியியல் இரண்டாம் வருஷம், விடுதியில் தங்கிப் படிச்சான். ஒரு வெள்ளிக்கிழமை பையைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னான். பதினஞ்சு நாளாச் சரியான தூக்கம் இல்லை. சோற்றைப் பிசைஞ்சு பிசைஞ்சு அப்படியே வைப்பான். வகுப்பில் ‘கோட்டா’ன்னு கூப்பிடுறாங்கன்னு எப்பவோ சொல்லியிருந்தான், ‘நீ படிச்சுக் காட்டுடா’ன்னு நானும் லேசாச் சொல்லி முடிச்சிருந்தேன். அன்னைக்கு ராத்திரி அம்மாவிடம், ‘நான் இல்லன்னா உங்களுக்குக் கடன் குறையும்ல?’ன்னு கேட்டிருக்கான். அம்மா அலறிக்கிட்டு வந்து என்னை எழுப்பினாங்க.

காலையில் டவுனில் இருக்கும் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். டாக்டர் நிமிர்ந்து பார்த்து முதலில் கேட்டது, ‘எந்த ஊரு?’ சொன்னோம். ‘ஊரா, காலனியா?’ அதையும் சொன்னோம். தூங்க மாட்டேங்கிறான், சாகறதைப் பத்திப் பேசறான் சார்னு சொன்னேன். அவர் சிரிச்சார். ‘ஸ்காலர்ஷிப் வருது, சீட்டு கிடைச்சிடுது, உங்களுக்கு என்னம்மா மனக்கவலை? பரீட்சை பயம். லவ் ஏதாவது இருக்கும், விசாரி.’ தம்பி கையைக்கூடத் தொட்டுப் பார்க்கலை. சீட்டில் பி காம்ப்ளக்ஸ் எழுதினார், நர்ஸ் ஊசி போட்டாங்க. நூற்றைம்பது ரூபாய். வெளியே வந்ததும் தம்பி, ‘பாத்தியாக்கா, எனக்கு ஒண்ணும் இல்லையாம்’னான். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கு.

அன்னைக்கே ராத்திரி பத்து மணிக்கு அரசு மருத்துவமனைக்கு ஆட்டோ பிடிச்சு ஓடினோம். அவசரப் பிரிவில் இருந்தவர், ‘அடிபட்டிருக்கா? விஷம் ஏதாவது குடிச்சிருக்கானா?’ன்னார். இல்லைன்னேன். ‘அப்ப இது கேஷுவாலிட்டி கேஸ் இல்ல. திங்கக்கிழமை மனநல ஓ.பி.க்கு வாங்க. இங்கேயே நின்னு சத்தம் போட்டா போலீஸைக் கூப்பிட வேண்டி வரும்.’ நான் கேட்டேன், ‘குடிச்சிட்டு வந்தா சேர்த்துக்குவீங்களா சார்?’ அவர் பதில் சொல்லலை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அண்ணல் அம்பேத்கரின் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ உங்களில் பலர் படிச்சிருப்பீங்க. அதில் கத்தியவாரில் ஒரு தீண்டப்படாத பள்ளி ஆசிரியர் எழுதிய கடிதம் வருது. 1929 டிசம்பர் 12 ‘யங் இந்தியா’வில் வந்த கடிதம். பிள்ளை பெற்று இரண்டு நாளில் மனைவிக்கு நோய். சேரிக்குள் வரமாட்டேன்னு சொன்ன டாக்டர், கெஞ்சின பிறகு வந்து, பச்சை உடம்புக்காரியை வெளியே கொண்டுவர வைக்கிறார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார், முஸ்லிம் கணவரிடம், கணவர் மனைவியிடம். திரும்பி வந்ததும் அதே வழி. பிறகு நோய் முற்றிக் கூப்பிட்டபோது வரவேயில்லை. அந்தப் பெண் செத்துப்போனாள்.

அந்த டாக்டர் தொடாமலே காய்ச்சலை அளந்துவிட்டார், அதற்கு ஒரு கருவி இருந்தது. மனசுக்கு அப்படி எந்தக் கருவியும் கிடையாது தோழர்களே. காது கொடுத்துக் கேட்பதுதான் கருவி. கேட்க வேண்டுமென்றால் எதிரே இருப்பவனுக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதென நம்ப வேண்டும். உழைக்கும் உடம்பாக மட்டுமே நம்மைப் பார்த்துப் பழகிய சாதியச் சமூகம் இது. சேரிக்காரனுக்கு வயிற்றுவலி வரலாம், மனவலி வந்தால் திமிர். வெள்ளைக் கோட்டுக்குள்ளும் அந்தச் சமூகம்தான் உட்கார்ந்திருக்கு. ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17இல் செத்தபோதும் அவனுடைய மனவலியைப் பேசாமல் அவன் சாதிச் சான்றிதழைத்தானே தோண்டினார்கள்? பாயல் தாட்வி டாக்டராகவே ஆன ஆதிவாசிப் பெண். 2019 மே 22இல் மும்பையில் இறந்தார். சாதி சொல்லி இழிவுபடுத்தியதாக மூத்த மருத்துவர்கள் மூவர் மேல் வழக்கு.

நம்ம பக்கத்தையும் சொல்லணும். அந்த ராத்திரி சித்தப்பா, ‘காத்து கருப்பு, தர்காவுக்குக் கூட்டிட்டுப் போ’ன்னார். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6இல் சங்கிலியில் கட்டிப்போட்ட 28 பேர் தீயில் வெந்து செத்ததை நான் மறக்கலை. முடியாதுன்னுட்டேன். ஆனா இயக்கத் தோழர் ஒருத்தரிடம் போனில் அழுதபோது அவர் சொன்னது சித்தப்பா சொன்னதைவிட வலிச்சது: ‘இதெல்லாம் நடுத்தர வர்க்க வியாதி தோழர், களப்பணிக்கு அனுப்புங்க, சரியாயிரும்.’ அவர் நல்லவர்தான். இன்னைக்கும் என் தோழர்தான்.

அந்த இரண்டு ராத்திரியும் நாங்க தூங்கலை. அப்பா வீட்டில் இருந்த பூச்சிமருந்தை எடுத்துட்டுப்போய் வெளியூரில் பெரியப்பா வீட்டில் வெச்சிட்டு வந்தார். அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் அவன். நேருக்கு நேராக் கேட்டேன், ‘செத்துப்போகணும்னு தோணுதாடா?’ அப்படிக் கேட்டா எண்ணம் வந்துடும்னு சொல்வாங்க. அது தப்பு, கேட்ட பிறகுதான் அவன் வாயைத் திறந்தான். விடிய விடியப் பேசினான்.

திங்கக்கிழமை ஓ.பி.யில் ஒரு சின்ன வயசுப் பெண் டாக்டர். ‘சாப்பிட்டியாப்பா? உம் பேரு என்ன?’ன்னாங்க. அதுவரைக்கும் ஒருத்தரும் அவன் பேரைக் கேட்கலை. வெளியே கூட்டம் கத்திக்கிட்டு நிக்குது, அவங்க இருபது நிமிஷம் கேட்டாங்க. மாத்திரை, வாராவாரம் பேச்சு. ஒரு வருஷம் வீணாச்சு, உயிர் இருக்கு. இப்ப வேலைக்குப் போறான்.

எனக்குப் பிறகுதான் தெரிஞ்சது, எங்களைத் திருப்பி அனுப்பியபோதே சட்டம் இருந்தது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. பிரிவு 18: சாதி உட்பட எந்தப் பாகுபாடும் இல்லாமல் மனநல சிகிச்சை பெறுவது உரிமை. பிரிவு 21: உடல் நோய்க்கு என்ன அவசர வசதியோ அதே தரத்தில் மனநோய்க்கும். பிரிவு 94: உயிருக்கு ஆபத்து என்றால் மனநல நிபுணர் வரும்வரை காத்திருக்க வேண்டாம், பதிவுபெற்ற எந்த மருத்துவரும் எழுபத்திரண்டு மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரலாம். பிரிவு 115: தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதணும், தண்டிக்கக் கூடாது. போலீஸ்னு யாராவது மிரட்டினா இதைச் சொல்லுங்க. ‘பார்க்க முடியாது’ன்னா, அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்கன்னு கேளுங்க. தனியாப் போகாதீங்க, இரண்டு பேரைக் கூட்டிட்டுப் போங்க. 2022 அக்டோபரில் இருந்து டெலிமானஸ்னு 14416 எண் இருக்கு, இலவசம், ராத்திரியும் எடுப்பாங்க, தமிழில் பேசலாம். அந்த ராத்திரி எங்களுக்கு அது இல்லை.

இந்தப் பிரிவுகளைத் துண்டறிக்கையா அச்சடிச்சு வாசலில் வெச்சிருக்கோம். விடுதிக்கு எடுத்துட்டுப் போங்க, கழிவறைச் சுவரில்கூட ஒட்டலாம். அங்கேதான் எங்க பையன் அழுதிருக்கான். கேள்வி இருந்தா கேளுங்க, எல்லார் முன்னாடியும் வேண்டாம்னா பிறகு தனியா வாங்க. கடைசி பஸ் ஒன்பதரைக்கு, அதுவரைக்கும் இங்கதான் இருப்பேன்.