ஊர் சிரிக்குமே என்று தயங்கலாமா?



ஜெயமங்கலத்தில் வராக நதிப் பாசனத்தில் நெல் போடும் ஒரு பெரியவரிடம், சில ஆண்டுகளுக்கு முன் ஒற்றை நாற்று நடவைப் பற்றிப் பேசினேன். திருந்திய நெல் சாகுபடி என்று சொல்கிறோமே, அதுதான். ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும். 14, 15 நாள் நாற்றைக் குத்துக்கு ஒன்றாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நட வேண்டும் என்றேன்.

"நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும் தம்பி. ஆனா நட்டு இருபது நாளைக்கு வயலு வெறிச்சுன்னு கிடக்குமே. போறவன் வர்றவன் எல்லாம் சிரிப்பானே" என்றார்.

நான் விளைச்சல் கணக்கையே திரும்பத் திரும்பச் சொன்னேன். தலையை ஆட்டினாரே தவிர, நடவில்லை. தவறு என் மேல்தான். அவருடைய தயக்கம் விளைச்சலைப் பற்றியதல்ல, ஊரைப் பற்றியது.

நம் எல்லோருடைய மனமும் இப்படித்தான். ஒரு கருத்து ஊன்றிவிட்டால், அதற்குச் சாதகமானதே கண்ணில் படும். புது முறையில் ஒருவர் வயல் கெட்டால் பத்து வருஷம் பேசுவோம். பழைய முறையில் கெட்டாலோ, 'காலம் சரியில்லை' என்று விட்டுவிடுவோம்.

அப்படியானால் கருத்து எப்படி மாறுகிறது? அமெரிக்காவில் அயோவா மாநில விவசாயிகள் வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு மாறிய விதத்தை ஆராய்ந்து, ரையன், கிராஸ் என்ற இருவர் 1943-ம் ஆண்டில் எழுதினார்கள். புது விதையைப் பற்றி விதை விற்பவர் மூலம் கேள்விப்பட்டவர்களே அதிகம். ஆனால் நம்பிக்கை தந்தது பக்கத்து விவசாயி. முந்திக்கொண்டவர்கள்கூட முதலில் கொஞ்ச இடத்தில்தான் போட்டுப் பார்த்தார்கள்.

நம் தஞ்சைப் பகுதியில் 1960-களில் ஆடுதுறை 27 பரவியபோது, வானொலியில் கேட்டுப் போட்டதால் அதை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். அதில் எங்களுக்குப் பெருமைதான். ஆனாலும் வானொலி காதில்தான் போட முடியும். வயலில் பார்த்தால்தான் மனம் ஒப்பும்.

அடுத்த போகத்தில் அந்தப் பெரியவரிடம், "ரோட்டை ஒட்டி வேண்டாம் ஐயா, உள்ளே தள்ளி 5 சென்ட் மட்டும் கொடுங்க" என்றேன். சம்மதித்தார். ஒரு குத்தில் எத்தனை தூர் என்று அவரே எண்ணினார். அறுத்து அவரே எடை போட்டார். மறு வருஷம் நான் கேட்காமலே அரை ஏக்கர் நட்டார். ஆனால் தண்ணீரை வடிக்க முடியாத பள்ள வயலைக் காட்டி, "இங்கே இது ஆகாது தம்பி" என்றார். போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதே சரி. அந்த இடத்தில் என் கருத்தை நான் மாற்றிக்கொண்டேன்.

ஆகவே விவசாயப் பெருமக்களே, புதிதாக எதைக் கேள்விப்பட்டாலும் உடனே நம்பவும் வேண்டாம், உடனே தள்ளவும் வேண்டாம். 5 சென்டில் போட்டுப் பாருங்கள். பக்கத்திலேயே பழைய முறையிலும் அதே ரகத்தை நடுங்கள். செலவையும் எடையையும் நோட்டில் எழுதுங்கள். ஒரே போகத்தோடு முடிவு கட்டாதீர்கள்.

பக்கத்து வயல் வெறிச்சென்று கிடந்தால் வரப்பில் நின்று சிரிக்காதீர்கள். இருபது நாள் கழித்துப் போய்த் தூரை எண்ணிப் பாருங்கள்.